காது கேளாதவர் விமானம் ஓட்ட: பெங்களூரில் எந்தக் கதவு மூடி, எந்தக் கதவு திறந்து?

#1 ஹெப்பாள்வாசி

வணக்கம். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காத 21 வயதுத் தம்பி ஒருவருக்காகக் கேட்கிறேன். ஆடியோகிராமில் இரு பக்கமும் 90 டெசிபலுக்கு மேல் இழப்பு. காதுக்கருவியால் பயனில்லை. சைகை மொழியும் எழுத்தும் நன்றாக வரும், ஆங்கிலம் சரளமாகப் படிப்பார். ஏர்லைனில் வேலை பார்க்கும் எண்ணமில்லை. சின்ன விமானம், தனியார் விமானி உரிமம், அவ்வளவுதான் ஆசை.

ஜக்கூர் விமானப் பயிற்சிப் பள்ளியில் சேரலாமா? முடியாது என்றால் சரியாக எந்த இடத்தில் முடியாது? "மனம் இருந்தால் மார்க்கம்" வகைப் பதில்கள் ஏற்கெனவே நிறைய கிடைத்துவிட்டன. விவரம் வேண்டும்.

#2 டெயில்வீல்

இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். விமானத்தை ஓட்டக் காது வேண்டுமா? வேண்டாம். வானத்தைப் பயன்படுத்தக் காது வேண்டுமா? அது நாட்டைப் பொறுத்தது. பிரச்சினை முழுக்க இரண்டாவதில்தான்.

முதல் கேள்விக்கு 100 வருஷம் முன்பே பதில் வந்தாச்சு. அமெரிக்காவை முதன்முதலில் கடலுக்குக் கடல் விமானத்தில் கடந்த கால் ரோட்ஜர்ஸுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலால் காது பெரும்பாலும் போய்விட்டது. 1911 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கில் கிளம்பி, நவம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் பாசதேனாவில் இறங்கினார். 1928இல் நெல்லி வில்ஹைட் என்ற காது கேளாத பெண் உரிமம் வாங்கினார். தெற்கு டகோட்டா மாநிலத்தின் முதல் பெண் விமானியும் அவர்தான். அப்போது விமானத்தில் ரேடியோவே கிடையாது என்பதைக் கவனியுங்கள். தடை ரேடியோவோடு வந்தது.

இந்தியாவில் இரண்டு சுவர்கள். ஒன்று மெடிக்கல். தனியார் உரிமத்துக்கு டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) இரண்டாம் வகுப்பு மெடிக்கல் சான்று கேட்கும். சர்வதேச விதிப்படி சத்தமில்லாத அறையில், மருத்துவருக்கு முதுகு காட்டி 2 மீட்டர் தள்ளி நின்று, சாதாரணப் பேச்சைக் கேட்க வேண்டும். 90 டெசிபல் இழப்பில் அது நடக்காது. இன்னொன்று ரேடியோ உரிமம், ஆர்.டி.ஆர். தேர்வு. எதிரே இருப்பவர் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமாகப் பேசுவார், காதால் வாங்கி வாயால் பதில் சொல்ல வேண்டும். முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியது, 2024 விமானச் சட்டத்துக்குப் பிறகு டி.ஜி.சி.ஏ. கைக்கு வந்தது. நடத்துபவர் மாறினாரே தவிர, காது வேண்டும் என்பது மாறவில்லை.

ஆகவே இன்றைய நிலையில் ஜக்கூரில் உரிமம் வரை போக முடியாது. பயிற்றுநரோடு உட்கார்ந்து ஒரு அறிமுகப் பறத்தல் போகலாம், அது வேறு விஷயம்.

#3 காதுமானி

ஒலியியல் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். இந்த இழையைப் படிப்பவர்களில் "கொஞ்சம் கேட்கும்" ஆட்களும் இருப்பீர்கள், உங்களுக்கானது இது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், இரு காதிலும் பேச்சு அலைவரிசைகளில் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை செவித்திறன் குறைந்தவர். விமானப் பக்கம் வாருங்கள். வணிக விமானிகளுக்கான முதல் வகுப்பு மெடிக்கலில் 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் ஏதாவது ஒன்றில் 35 டெசிபலுக்கு மேலோ, 3000இல் 50க்கு மேலோ ஒரு காதில் போனாலே தகுதியில்லை.

நடுவில் 35க்கும் 60க்கும் இடையே பெரிய பள்ளம். அங்கே விழுந்தவருக்குச் சட்டப்படி சலுகையும் இல்லை, விமானமும் இல்லை. ஆனால் இவர்களுக்குத்தான் விதியில் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. தொனிச் சோதனையில் தவறினாலும், காக்பிட் இரைச்சலைப் போன்ற பின்னணி ஒலியோடு பேச்சுப் புரிதலைச் சோதித்து, இயல்பாகக் கேட்கிறார் என்றால் தகுதி கொடுக்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை. "அன்ஃபிட்" என்று எழுதிய தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

காது சுத்தம் செய்யாமல் ஆடியோகிராமுக்குப் போவதும் சகஜம். மெழுகு அடைத்திருந்தாலோ சளி பிடித்திருந்தாலோ கேட்கும் அளவு கணிசமாகக் குறைந்து தெரியும். சளி போய் இரண்டு வாரம் கழித்துப் போங்கள். முந்தைய நாள் கச்சேரி, பட்டாசு, ஹெட்ஃபோன் வேண்டாம். மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, பெங்களூரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாம். டி.ஜி.சி.ஏ. மருத்துவரிடம் போவதற்கு முன்னால் அங்கே ஒரு முழு மதிப்பீடு எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

#1இல் சொன்ன தம்பிக்கு இந்தச் சன்னல் உதவாது. 90 என்பது வேறு கணக்கு.

#4 கோபுரத்தான்

மன்னிக்கவும், எதிர்க்கருத்து ஒன்று. யாரையும் புண்படுத்த அல்ல.

ஜக்கூரின் இருப்பிடத்தைப் பாருங்கள். பக்கத்திலேயே யெலஹங்கா விமானப்படைத் தளம். வடக்கே கெம்பேகௌடா. தென்கிழக்கே எச்.ஏ.எல். நான்கு விமானத் தளங்களின் போக்குவரத்து ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடம். உள்ளூர்ச் சுற்றைத் தாண்டினால் ஃப்ளைட் பிளான், வான் பாதுகாப்பு அனுமதி எண், எஃப்.ஐ.சி. (விமானத் தகவல் மையம்) எண் என்று எல்லாம் வேண்டும். "உயரத்தை மாற்று, வலப்பக்கம் திரும்பு" என்று சொன்னால் அடுத்த சில வினாடிகளில் செய்ய வேண்டும். கேட்காதவர் அங்கே பறந்தால் ஆபத்து அவருக்கு மட்டுமில்லை.

#5 டெயில்வீல்

@கோபுரத்தான் சார், பெங்களூர் வானத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் "கேட்காதவர் பறந்தால் ஆபத்து" என்று பொதுவாக்க முடியாது. கேட்காதவர் அங்கே பறந்தால் ஆபத்து, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பொது விமான நிலையங்கள் சுமார் 5,000. அதில் கோபுரம் உள்ளவை 500 அளவுக்குத்தான். மீதி இடங்களில் ரேடியோ சட்டப்படி கட்டாயமே இல்லை. பைப்பர் கப் மாதிரி மின்சாரமே இல்லாத பழைய விமானங்கள் இன்றும் அங்கே ரேடியோ இன்றிப் பறக்கின்றன. காது கேளாத விமானி அந்தக் கூட்டத்தில் ஒருவர், அவ்வளவே. அதனால்தான் அவர்களுடைய மெடிக்கலில் "ரேடியோ தேவைப்படும் பறத்தலுக்குச் செல்லாது" என்ற ஒரு வரியை மட்டும் போட்டு உரிமம் கொடுக்கிறார்கள். வணிக உரிமம்கூட உண்டு. வயலுக்கு மருந்து தெளிப்பது, விளம்பரப் பதாகை இழுப்பது போன்ற ரேடியோ தேவைப்படாத வேலைகள் செய்யலாம். 2006இல் ஸ்டீஃபன் ஹாப்சன் என்ற காது கேளாதவர், வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான கருவித் தகுதியும் வாங்கினார். ரேடியோ கட்டாயமான வான்பகுதிக்குப் போக வேண்டுமென்றால் ரேடியோவைக் கவனிக்கக் கேட்கும் விமானி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்கள்.

இந்தியாவில் மெடிக்கலும் ஆர்.டி.ஆரும் நாளைக்கே தளர்ந்தாலும் பறக்க இடம் வேண்டுமே. ரேடியோ இல்லாத வானம் இங்கே நடைமுறையில் இல்லை. தடை காதில் இல்லை, வான அமைப்பில் இருக்கிறது.

#6 விரல்மொழி

நான் காது கேளாதவன். முதலில் ஒரு வேண்டுகோள். இழையில் யாரும் "ஊமை" என்று எழுதாதீர்கள், இதுவரை எழுதவில்லை, நன்றி.

கேள்வி: எஞ்சின் சத்தம் கேட்காமல் கோளாறு எப்படித் தெரியும் என்று எல்லோரும் கேட்பார்கள். யாராவது முறையாக எழுதுங்கள்.

#7 டெயில்வீல்

@விரல்மொழி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

கிளப்பும்போது. "கிளியர் ப்ராப்" (ப்ரொப்பெல்லரை விட்டு விலகு) என்று கத்துவது வழக்கம். கேட்காதவரும் கத்தலாம், ஆனால் யாராவது "நில்லு" என்று திரும்பக் கத்தினால் தெரியாது. அதனால் பீக்கன் (சுழலும் எச்சரிக்கை) விளக்கைப் போட்டு, லேண்டிங் விளக்கை இரண்டு முறை மினுக்கி, இடமிருந்து வலமாகக் கண்ணால் ஒரு முழு வீச்சுப் பார்த்துவிட்டுத்தான் சாவி. எஞ்சின் பிடித்த பிறகும் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டிருந்தால் கேட்பவருக்குக் கரகரப்பு காட்டிக்கொடுக்கும். கேட்காதவர் அம்மீட்டரைப் பார்க்க வேண்டும், ஸ்டார்ட்டர் எச்சரிக்கை விளக்கு இருந்தால் அதையும். ஓடும் எஞ்சினில் மறுபடி சாவியைத் திருப்புவதும் நடக்கக்கூடிய தவறு. ஆர்.பி.எம். முள்ளைப் பார்க்காமல் கை சாவிக்குப் போகக் கூடாது.

மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரட்டைக் கருவி) சோதனை. இது எப்படியும் முள்ளில்தான். செஸ்னா 172எஸ் என்றால் 1800 ஆர்.பி.எம்., ஒவ்வொரு பக்கமும் 150க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50க்குள்.

மிக்ஸ்சர் (எரிபொருள், காற்றுக் கலவை). பெங்களூருக்கு இது முக்கியம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. அந்த உயரத்தில் தரநிலை வெப்பம் 9 டிகிரி. ஏப்ரலில் 34 டிகிரி அடித்தால் வித்தியாசம் 25. டிகிரிக்கு 120 அடி என்று போட்டால் 3,000 அடி கூடுகிறது. அதாவது தரையில் நிற்கும் விமானம் தன்னை 6,000 அடியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். கேட்பவர்கள் எஞ்சின் குரல் திரண்டு வருவதைக் கேட்டே மிக்ஸ்சரைக் குறைப்பார்கள். கோணம் மாறாத ப்ராப் உள்ள விமானத்தில் அது தேவையே இல்லை. முழுத் திராட்டிலில் ஆர்.பி.எம். உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து எரிபொருளைச் சற்றே கூட்டி விட்டால் போதும். காதை விட முள் துல்லியம்.

கார்ப் ஐஸ். கார்பரேட்டரில் பனி கட்டினால் முதல் அடையாளம் ஆர்.பி.எம். மெல்லச் சரிவது. கேட்பவர்கள் பலர் இதைக் கோட்டைவிடுவார்கள், ஏனென்றால் சத்தம் அவ்வளவு மெதுவாக மாறும். இங்கே கேட்காதவருக்கு நஷ்டம் இல்லை.

அதிர்வு. இருக்கை, ரடர் பெடல், யோக் (கையில் பிடிக்கும் ஸ்டீயரிங்) மூன்றும் பேசும். ஒரு சிலிண்டர் விட்டால் உடம்பு குலுங்கும். ஆயில் அழுத்தம் மட்டும் எந்த உடம்பிலும் தெரியாது, காதிலும் தெரியாது. அதனால் கேட்காத விமானியின் பார்வைச் சுற்று கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும்: வெளியே, வேகம், வெளியே, ஆர்.பி.எம்., வெளியே, ஆயில். வெளியேதான் அதிக நேரம்.

ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது. இதுதான் உண்மையான இடைவெளி. செஸ்னாவில் ஸ்டால் எச்சரிக்கை என்பது இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு துளை, உள்ளே ஊதல். ஸ்டாலுக்கு 5 முதல் 10 நாட் முன்னால் ஊதும். விளக்கு கிடையாது. பழைய பைப்பர் செரோக்கீகளில் சிவப்பு விளக்கு உண்டு, கேட்காத மாணவருக்கு அந்த வகை வசதி. செஸ்னாதான் என்றால் தாக்குகோணக் காட்டி (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைக் காட்டுவது) ஒன்றைக் கருவிப்பலகைக்கு மேலே பொருத்தலாம், எல்.இ.டி. வரிசை ஓரக்கண்ணிலேயே தெரியும். எதுவும் இல்லாவிட்டாலும் மூக்கு உயர்வது, கன்ட்ரோல் தொளதொளப்பது, கடைசியாக நடுக்கம். பயிற்சியில் இந்த மூன்றையும் ஊதல் பியூஸ் போனது போல நினைத்தே கற்றுக்கொடுக்க வேண்டும்.

பறப்பதற்கு முன் அந்த ஊதலைச் சோதிப்பதும் செக்லிஸ்ட்டில் உண்டு. துளையில் கைக்குட்டை வைத்து வாயால் இழுத்தால் ஊதும். கேட்காதவர் மொபைலில் ஒலியளவு காட்டும் செயலியைத் திறந்து வைத்தால் முள் எகிறுவது தெரியும். இல்லை, தரைப் பணியாளர் ஒருவர் கட்டைவிரல் காட்டினால் போதும்.

சக்கரம். மடங்கும் சக்கரம் உள்ள விமானத்தில் எச்சரிக்கை ஹாரன். கேட்காதவர் மூன்று பச்சை விளக்கை விரல் வைத்து எண்ணும் பழக்கம் வேண்டும். பொழுதுபோக்குக்கு நிலைச்சக்கரமே போதுமே.

#8 ராஜாஜிநகர்

அருமை. ரேடியோவுக்குப் பதில் விளக்கு காட்டுவார்கள் என்று படித்தேன். பறக்கும்போது பச்சை மின்னினால் இறங்கலாம், சிவப்பு மின்னினால் சுற்று. சரிதானே?

#9 கோபுரத்தான்

இரண்டுமே தப்பு. இந்தத் தப்புதான் ஆளைக் கொல்லும், எனவே முழுதாக எழுதுகிறேன். ஏர் ரெகுலேஷன்ஸ் தேர்வுக்கு எல்லாரும் மனப்பாடம் செய்து, அடுத்த வாரமே மறக்கும் பட்டியல் இது.

வானில் இருக்கும்போது: நிலையான பச்சை என்றால் இறங்க அனுமதி. மின்னும் பச்சை என்றால் இறங்குவதற்காகத் திரும்பி வா, அனுமதி பிறகு வரும். நிலையான சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிடு, சுற்றிக்கொண்டே இரு. மின்னும் சிவப்பு என்றால் ஓடுதளம் பாதுகாப்பில்லை, இறங்காதே.

தரையில்: நிலையான பச்சை, டேக் ஆஃப். மின்னும் பச்சை, டாக்சி (தரையில் உருண்டு) போகலாம். நிலையான சிவப்பு, நில். மின்னும் சிவப்பு, இறங்கும் பகுதியை விட்டு விலகு. மின்னும் வெள்ளை, கிளம்பிய இடத்துக்குத் திரும்பு.

புரிந்தது என்று பதில் சொல்ல: பகலில் வானில் இறக்கையை ஆட்டு, தரையில் எய்லரான் அல்லது ரடரை ஆட்டு. இரவில் லேண்டிங் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடு. இறங்குவதற்கு முந்தைய கடைசிக் கட்டங்களான பேஸ் லெக்கிலும் ஃபைனலிலும் இறக்கையை ஆட்ட வேண்டியதில்லை, தாழ்வாக, மெதுவாக இருக்கும்போது ஆட்டினால் வேறு வில்லங்கம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கோபுரத்தில் இந்த விளக்கைக் காட்டும் கருவியான விளக்குத் துப்பாக்கியின் கற்றை மிகக் குறுகல். விமானி கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தெரியும். கோபுரத்துக்குப் பின்னால் வெயில் இருந்தால் பச்சை வெளிறி வெள்ளையாகத் தெரியலாம். முக்கியமாக, அது "ஆம், இல்லை" மட்டுமே சொல்லும். "உனக்கு முன்னால் ஒரு பெரிய விமானம், அதன் காற்றுச்சுழல் ஜாக்கிரதை" என்று விளக்கால் சொல்ல முடியாது.

இன்னொன்று, பலர் மறப்பது: இடைமறிப்புச் சைகைகள். ராணுவ விமானம் முன்னால் வந்து இறக்கையை ஆட்டி விளக்குகளை மினுக்கினால், நீயும் இறக்கையை ஆட்டிப் பின்தொடர வேண்டும். கேட்பவருக்கு 121.5 என்ற அவசர ரேடியோ அலைவரிசை இருக்கிறது. கேட்காதவருக்கு இந்தச் சைகை மட்டும்தான்.

#10 டெயில்வீல்

@கோபுரத்தான் நன்றி சார். கேட்காத விமானி கோபுரம் உள்ள இடத்துக்குத் திடுதிப்பென்று வந்து நிற்க மாட்டார் என்பதையும் சேர்க்கிறேன். கிளம்புவதற்கு முன்பே கோபுரத்தோடு தொடர்பு கொண்டு விமான எண், நிறம், வரும் திசை, நேரம், எந்தப் பக்கச் சுற்று என்று பேசி வைப்பார். குறுஞ்செய்தியோ, ரிலே வழி தொலைபேசியோ. டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு விமானத்தின் எண்ணைச் சொல்லும் கருவி) எந்த எண் போடுவது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். 7600 என்பது ரேடியோ பழுது என்பதற்கான எண், பழுதே இல்லாதபோது தானாக அதைப் போட்டால் குழப்பம்தான்.

கோபுரமில்லாத இடத்தில் சுற்று உயரத்துக்கு 500 அடியாவது மேலே ஒரு முறை கடந்து, காற்றுப்பையையும் யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு, வெளியே போய் உயரத்தைக் குறைத்து, 45 டிகிரியில் டவுன்விண்டில் (ஓடுதளத்துக்கு இணையாகப் போகும் பகுதி) சேர்வது. ரேடியோவில் "நான் ஃபைனலில்" என்று அறிவித்தவர் நிஜமாகவே ஃபைனலில் இருக்கிறார் என்று நம்பிப் பார்க்காமல் விடும் கெட்ட பழக்கம் கேட்பவர்களுக்கு உண்டு. கேட்காதவருக்கு அந்த வசதியும் இல்லை, அந்த நோயும் இல்லை. டேப்லெட்டில் ஏ.டி.எஸ்.-பி. (விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் முறை) போக்குவரத்து தெரிந்தால் உதவிதான், ஆனால் அந்தக் கருவி பொருத்தாத விமானம் அதில் வராது.

#11 ஹெப்பாள்வாசி

மிக்க நன்றி எல்லோருக்கும். அப்படியானால் அமெரிக்கா ஒன்றே வழியா? படிகளைச் சொல்ல முடியுமா? திரும்பி வந்து இங்கே மாற்றிக்கொள்ளலாமா?

#12 டெயில்வீல்

மாற்ற முடியாது. இங்கே மாற்றும்போது மறுபடியும் இந்திய மெடிக்கல் கேட்பார்கள், அதே சுவர். அங்கே வாங்கிய உரிமம் அங்கே பறக்க மட்டுமே என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு பணத்தை எடுங்கள்.

வரிசை முக்கியம். பலர் பள்ளிக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு மெடிக்கலுக்குப் போகிறார்கள், தலைகீழ். முதலில் எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானத் துறை) அங்கீகரித்த மருத்துவரிடம் மூன்றாம் வகுப்பு மெடிக்கல். விண்ணப்பம் ஆன்லைனில். அங்கே கேட்கும் சோதனை 6 அடி தூரத்தில் முதுகு காட்டிப் பேச்சைக் கேட்பது. அது போனால் பேச்சுப் புரிதலில் ஒரு காதிலாவது 70 சதவீதம். அதுவும் போனால் தொனிச் சோதனை. மூன்றிலும் தவறுபவருக்கு ரேடியோ வரம்பு. பிறகு, பயிற்சியில் ஓட்டக் கற்ற பின், மருத்துவப் பறப்புச் சோதனை ஒன்று உண்டு, அதில் எஞ்சின் பலம் குறைவதையும் ஸ்டால் நெருங்குவதையும் காது இல்லாமல் கண்டுபிடிக்கிறாரா என்று ஆய்வாளர் பார்ப்பார். #7இல் எழுதியது எல்லாம் அங்கே கேள்வியாக வரும். தேறினால் நிரூபித்த திறன் அறிக்கை என்ற தாள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த மெடிக்கலில் கேட்பார்கள். 40 வயதுக்குள் என்றால் மூன்றாம் வகுப்பு 60 மாதம் செல்லும்.

மெடிக்கல் உறுதியான பிறகு எம்-1 (தொழிற்பயிற்சி மாணவர்) விசாவுக்குத் தாள் தரத் தகுதியுள்ள பள்ளி, டி.எஸ்.ஏ. (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதல், அப்புறம் பயணம். ஆங்கிலம் பேச, கேட்க வேண்டும் என்ற விதிக்கு மருத்துவக் காரணத்தால் விலக்கு உண்டு, அதையும் வரம்பாக எழுதிவிடுவார்கள்.

குறைந்தபட்சம் 40 மணி நேரம். அதில் 20 பயிற்றுநரோடு, 10 தனியாக. இதில் கேட்காத மாணவர் சிக்கும் இடம் ஒன்று: தனியாக, கோபுரம் இயங்கும் விமான நிலையத்தில் மூன்று டேக் ஆஃப், மூன்று முழு நிறுத்த இறக்கம். ரேடியோ வரம்பு உள்ளவர் இதை விளக்குத் துப்பாக்கியில் முடிக்க வேண்டும். பரபரப்பில்லாத ஒரு கோபுரத்தைத் தேர்ந்து, முன்கூட்டியே பேசி, ஒரு வார நாளின் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. பயிற்றுநர் கோபுரத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

#13 விரல்மொழி

இரண்டு விஷயம், கேட்பவர்கள் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

1. இந்திய சைகை மொழி வேறு, அமெரிக்க சைகை மொழி வேறு. அங்கே பள்ளி மொழிபெயர்ப்பாளர் தந்தாலும் அவர் கை நமக்குப் புரியாது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் எழுத்தில் சமாளிக்கலாம், ஆனால் கிளம்பும் முன் ஆறு மாதமாவது அவர்கள் மொழியைப் பழகினால் தரைப் பாடம் எளிது.

2. நம் விரல் எழுத்துகளுக்கு இரண்டு கை வேண்டும். அவர்களுடையது ஒரு கை. காக்பிட்டில் ஒரு கை யோக்கில் இருக்கும். இதனாலேயே அவர்கள் எழுத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

#14 டெயில்வீல்

@விரல்மொழி இரண்டாவது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி தோழர்.

அதிலிருந்தே தொடர்கிறேன். வானில் பாடம் நடத்தக் கூடாது, பாடம் தரையிலேயே முடிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பறத்தலுக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு மணி நேரமாவது கரும்பலகை முன் உட்கார வேண்டும். மேலே போனதும் 12 முதல் 15 சைகை போதும்: ஏறு, இறங்கு, இடம், வலம், வேகத்தைப் பார், டிரிம், திராட்டில், சுற்றிவா, நன்று. பயிற்றுநரின் கை கருவிப்பலகை விளிம்புக்குச் சற்று மேலே, மாணவனின் ஓரக்கண்ணில் விழும் இடத்தில் வர வேண்டும். தலையைத் திருப்ப வைத்தால் விமானமும் திரும்பும், புது மாணவர்கள் பார்க்கும் பக்கமே இழுப்பார்கள்.

பேச்சை எழுத்தாக்கும் செயலியை நம்பி ஏறாதீர்கள். எஞ்சின் இரைச்சலில் தப்பு விழும், சில வினாடி பின்தங்கும். ஃபிளேர் (தரை தொடும் முன் மூக்கைத் தூக்குவது) செய்யும்போது அந்தச் சில வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"கன்ட்ரோல் என்னிடம்" என்ற கைமாற்றம்தான் மிக ஆபத்தான இடம். கேட்பவர்கள் மூன்று முறை சொல்லி மாற்றுவார்கள். இங்கே: பயிற்றுநர் மாணவன் தோளில் தட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, யோக்கைப் பிடிப்பார். மாணவன் இரு கையையும் கண்ணாடி உயரத்துக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். கை மேலே வராத வரை மாற்றம் நடக்கவில்லை. இதைத் தரையில், எஞ்சின் அணைத்து, இருபது தடவையாவது செய்யட்டும்.

#15 ராஜாஜிநகர்

காது கேளாதவர்களுக்கு உள்காது சமநிலையும் கெட்டிருக்கும், அதனால் மேகத்தில் தடுமாறுவார்கள் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

#16 காதுமானி

பாதிதான், அதுவும் தலைகீழான பாதி. எல்லோருக்கும் அப்படி இல்லை, காரணத்தைப் பொறுத்தது. மூளைக்காய்ச்சலால் (மூளையுறை அழற்சி) கேட்கும் திறன் போனவர்களுக்குச் சமநிலை உறுப்பும் போயிருக்க வாய்ப்பு அதிகம். 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் காது கேளாதவர்களுக்கான காலடெட் கல்லூரியிலிருந்து 11 காது கேளாத ஆண்களை எடுத்து, விண்வெளியில் குமட்டல் வருவது ஏன் என்று ஆராய்ந்தார்கள். அவர்களில் 10 பேர் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறன் இழந்தவர்கள். மெதுவாகச் சுழலும் ஓர் அறையில் நான்கு பேர் 12 நாள் இருந்தார்கள். கொந்தளிக்கும் கடலில் கப்பலில் கொண்டுபோனபோது ஆராய்ச்சியாளர்கள் வாந்தி எடுக்க, இவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

மேகத்தில் கேட்பவரை ஏமாற்றுவதே அந்த உள்காதுதான். விமானம் நேராக இருக்கும்போது சாய்கிறது என்று பொய் சொல்லும். அது வேலை செய்யாதவருக்கு அந்தப் பொய் குறைவு. ஆனால் கண் இல்லாத இடத்தில் நிஜமும் தெரியாது, கருவியை நம்பியே ஆக வேண்டும். கேட்பவருக்கும் அதே விதிதான். இருட்டில் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க முடியாத மாணவர் என்றால் பயிற்றுநரிடம் முன்பே சொல்லிவிடட்டும்.

#17 கோபுரத்தான்

எதிர்க்கருத்து சொன்னவன் என்ற முறையில் ஒரு பயனுள்ள விஷயமும் சொல்லிவிடுகிறேன். தரையில் கவனம். ஏப்ரனில் (விமானங்கள் நிற்கும் தளம்) நடக்கும் கேட்காதவருக்கு ஓடும் ப்ராப்பின் சத்தம் எச்சரிக்காது. வேகமாகச் சுழலும் ப்ராப் கண்ணுக்கும் தெரியாது. எந்த விமானத்தையும் இறக்கைக்குப் பின்னாலிருந்தே அணுகுவது, இறக்கையைத் தாங்கும் கம்பியான ஸ்ட்ரட்டைத் தாண்டி முன்னால் போகவே கூடாது, பீக்கன் சுழன்றால் எஞ்சின் ஓடுவதாகவே எடுத்துக்கொள்வது. ஒளிரும் மேல்சட்டை கட்டாயம்.

இன்னொரு கேள்வி. தம்பிக்கு நிறக்குருடு இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா? மெடிக்கலில் நிறப்பார்வையும் ஒரு பகுதி. கேட்பவருக்கு நிறக்குறை இருந்தால் ரேடியோ இருக்கிறது. கேட்காதவருக்கு விளக்குத் துப்பாக்கியின் பச்சையும் சிவப்பும் பிரியவில்லை என்றால் கோபுரமுள்ள இடம் எதுவும் கிடையாது, #12இல் சொன்ன அந்த மூன்று இறக்கங்களும் நிற்கும்.

#18 ஹெப்பாள்வாசி

@கோபுரத்தான் சார், அது யாருக்கும் தோன்றவில்லை. இதுவரை பார்க்கவில்லை.

#19 காதுமானி

எந்தக் கண் மருத்துவமனையிலும் இஷிஹாரா அட்டை இருக்கும், பத்து நிமிட வேலை. புள்ளிகளுக்கு நடுவே எண் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், எண்ணை வாயால் சொல்ல வேண்டியதில்லை, எழுதிக் காட்டலாம். மொபைல் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், திரை நிறம் மாறும். பகல் வெளிச்சத்தில், அச்சிட்ட அட்டையில் பார்க்கட்டும். அமெரிக்க மருத்துவருக்கு மின்னஞ்சல் போடுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

#20 ஹெப்பாள்வாசி

சனிக்கிழமை காலை நேரம் வாங்கியாச்சு. முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.